ஹோய் ஆன் நகரத்துப் பழைய வீடுகள்



வியட்நாம் நாட்டின் நடுப்பகுதியில், தூ போன் ஆற்றங்கரையில், ஹோய் ஆன் என்னும் பழைய துறைமுகப்பட்டினம் இருக்கிறது. அங்கே டான் கீ என்று வழங்கும் வணிகர் வீட்டின் சுவரில், வெள்ளம் ஏறி நின்ற உயரங்கள் ஆண்டுவாரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. 1964-ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் அவற்றுள் ஒன்று. வெள்ளம் வந்தால் சரக்குகளை மேல்தளத்துக்கு ஏற்றுவதும், வடிந்தபின் சேற்றைக் கழுவிக் கடையைத் திறப்பதும் அவ்வூராரின் பரம்பரை வழக்கம்.

15-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே வாணிகம் செழித்தது. சீனரும் ஜப்பானியரும் குடியேறினர். ஜப்பானியர் பெயரால் வழங்கும் கூரையிட்ட பாலம் இன்றும் நிற்கிறது. பிறகு ஆறு தூர்ந்தது. வாணிகம் தா நாங் துறைமுகத்துக்குப் பெயர்ந்தது. ஊர் வறுமையுற்றது. ஆயினும் அவ்வறுமையே வீடுகளைக் காத்தது எனலாம். இடித்துப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. மரச்சட்டத்தால் அமைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அவ்வாறு எஞ்சின. தெருப்பக்கம் கடை, நடுவே வானம் தெரியும் முற்றம், பின்னே குடியிருப்பும் சரக்கறையும். இவ்வாறு அவை குறுகி நீண்டு செல்லும். வாயிலின் மேல் இரண்டு மரக் கண்களைச் செதுக்கி வைப்பர். அவை வீட்டைக் காக்கும் என்பது நம்பிக்கை.

இவற்றின் அருமையை எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காஷிமியேஷ் க்வியாட்கோவ்ஸ்கி. அருகிலுள்ள மீ சோன் சைவக் கோயில்களைப் பழுதுபார்க்க வந்தவர், இவ்வூரின்மீதும் அன்பு கொண்டார். அவர் 1997-இல் காலமானார்; 1999-இல் மீ சோனும் ஹோய் ஆனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. மீ சோன் கோயில்களின் திருப்பணியில் நம் இந்தியத் தொல்பொருள் துறையினரும் பின்னாளில் பங்குகொண்டனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வீட்டைக் காப்பது என்றால் கைத்தொழிலையும் காப்பதே. இவ்வீடுகளின் தூண்களையும் உத்தரங்களையும் இழைத்தவர்கள் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கிம் போங் ஊர்த் தச்சர்கள். செங்கல்லும் ஓடும் சுட்டுத் தந்தவர்கள் தான் ஹா ஊர்க் குயவர்கள்; அங்கே ஒருவர் காலால் சக்கரத்தைச் சுழற்ற, மற்றொருவர் கையால் மண்ணை வனைவார். தச்சன் இல்லையேல் உளுத்த தூணை மாற்றுவார் இல்லை; பழைய வீடுகள் இல்லையேல் அத்தச்சனுக்கு வேலை இல்லை. இவ்விரண்டையும் தாங்கி நிற்பது, காண வருவோர் செலுத்தும் நுழைவுச் சீட்டுப் பணம். அதில் ஒரு பகுதி திருப்பணிக்குச் செல்கிறது. வீட்டுக்காரருக்கு அரசாங்கத்தார் உதவித்தொகையும் அளிக்கின்றனர்.

ஆனால் காண வருவோர் கூட்டமே ஆபத்தும் ஆகிறது. வாடகை ஏறுகிறது; பரம்பரையாக வாழ்ந்த குடும்பம் வீட்டைக் கடைக்கு விட்டு வெளியேறுகிறது. பட்டும் மூங்கிலும் கொண்டு கையால் செய்த விளக்குக்குப் பக்கத்திலேயே இயந்திரத்தில் வார்த்த பொருள் மலிவாக விற்கிறது. 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது பயணிகள் வரவு நின்றது, தெருக்கள் வெறிச்சோடின. பிறர் வருகை ஒன்றையே நம்பி வாழ்வதன் இடர் அப்போது விளங்கிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் உயிர் போய்விட்ட வாக்கியங்களை நாள்தோறும் காண்கிறேன். தூணும் ஓடும் சரியாக இருந்தும் குடியிருப்பார் இல்லாத வீடு அத்தகையதே. ஆகவே உதவித்தொகை மரத்துக்கு மட்டுமன்றி, அவ்வீட்டிலேயே வாழத் துணியும் குடும்பத்துக்கும், தொழில் பழக வரும் இளைஞனுக்கும் சேர வேண்டும் என்பது என் துணிபு. அடுத்த வெள்ளத்தின் உயரத்தைச் சுவரில் குறிக்க, அவ்வீட்டுக்குரிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும் அல்லவா?