தோளின் நீள்தலை நாணும் நமது சஸ்திரமும்



இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை எனக்களித்த உங்கள் பிரியத்துக்கு வந்தனம் கூறி, உபசார வார்த்தைகளை அத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். ஏனெனில் நாம் ஆராய வந்திருக்கும் விஷயமாகிய இருதலைத் தசையின் நீள்தலை நாண், ஒரு நூற்றாண்டாக வைத்தியர்களை இரு கட்சிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

அதன் பாதையே விசித்திரமானது. தோள்குழிக்கு மேலுள்ள சிறு முகட்டிலும் குழியின் விளிம்புக் குருத்திலும் தோன்றி, மூட்டின் உள்ளாகவே மேற்கை எலும்பின் தலையைத் தழுவிச் சென்று, முன்புறத்துப் பள்ளத்தில் திரும்பிக் கீழிறங்குகிற அந்த நாண், திரும்புமிடத்தில் வழுவாமலிருப்பது சில மெல்லிய பந்தகங்களின் தயவாலும் அருகிலுள்ள சுழல்தசையொன்றின் ஆதரவாலுமே. அவை தளர்ந்தால் நாண் விலகுகிறது. விலகாவிட்டாலும் உராய்ந்து தடித்து நைகிறது. ஆயினும் தோள்வலிக்கு மூலகாரணம் நாண்தானா, அதன் அண்டையிலுள்ள சுழல்தசைப் பட்டையா என்ற சந்தேகம் தீர்ந்தபாடில்லை. 1934-இல் தோளைப் பற்றித் தனி நூலே எழுதிய பாஸ்டன் நகரத்துக் காட்மன், நாணின் மீது பழி சுமத்தத் தயங்கினார். 1948-இல் ஹிட்ச்காக், பெக்டால் என்னும் இருவர் அதையே குற்றவாளியாகக் கண்டு, பள்ளத்திலேயே எலும்போடு பிணைத்தார்கள். யெர்காசன் 1931-இல் கூறிய பரிசோதனை முதலாக நம்மிடமுள்ள கைச்சோதனைகளில் ஒன்றேனும் தனித்து நின்று தீர்ப்பளிக்கும் வல்லமை உடையதன்று. ஆகவே நாணின் உறைக்குள் மரப்பூசி செலுத்தி வலி தணிகிறதா என்று பார்க்கும் பொறுமையை, எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தவுடன் கத்தியை நாடும் அவசரத்தைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன். நடுவயதினரின் விளிம்புக் குருத்தில் வலியே இல்லாதபோதும் கிழிவு தென்படுவது அபூர்வமன்று.

அறுத்து விடுவதா, அறுத்துப் பிணைப்பதா என்பது இரண்டாவது வழக்கு. சுழல்தசைப் பட்டை பெரிதும் கிழிந்து, தைக்க இயலாத நிலையிலிருந்த முதியோர் சிலருக்கு நாண் தானாகவே அறுந்தபின் வலி நீங்கியதைக் கண்ட பிரெஞ்சு வைத்தியர் வால்ஷ், இயற்கை செய்ததைத் தாமும் செய்யத் துணிந்து, 307 தோள்களில் நாணை அறுத்துக் கண்ட பலனை 2005-இல் வெளியிட்டார். பெரும்பாலோர் திருப்தியடைந்தனர், ஆனால் பட்டையின் சீரழிவை அச்சிகிச்சை தடுக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அறுத்தால் தசை சுருண்டு, கேலிச்சித்திர மாலுமி போப்பாயின் புயம்போல் திரண்டு நிற்கலாம்; சிலருக்குத் தசைப்பிடிப்பும் வரும். பிணைத்தால் அந்த விகாரம் குறையும். எனினும் திருகாணியோ நங்கூரமோ வேண்டும், செலவும் ஓய்வுக்காலமும் கூடும், மார்புத்தசைக்குக் கீழே துளையிடுமிடத்தில் எலும்பு முறிவதும் நரம்பு பழுதுறுவதும் அரிதாயினும் நேர்வதுண்டு. வலியைப் பொறுத்தவரை இரண்டுக்குமிடையே பெரிய பேதம் தெரியவில்லை. திருப்புளி பிடித்து நாளெல்லாம் திருகுகிற தொழிலாளிக்கு நான் பிணைப்பேன். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் வலுவில் பெரும்பங்கு இத்தசையினுடையது. எழுபது வயதில் இரவுத் தூக்கம் ஒன்றையே வேண்டிவருகிற மூதாட்டிக்கு அறுப்பதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

நாணின் வேரில் உண்டாகும் விளிம்புக் கிழிவைப் பற்றியே நாம் அதிகம் வாதாட வேண்டும். பந்தெறியும் விளையாட்டு வீரர்களிடம் ஆண்ட்ரூஸ் 1985-இல் கண்டு சொன்ன அதனை, 1990-இல் ஸ்னைடர் நான்கு வகைகளாகப் பிரித்து 'ஸ்லாப்' என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தவுடன் தையலும் பெருகியது. நீஸ் நகரத்து போய்லோ 2009-இல், தைக்கப்பட்ட பத்துப் பேரையும் நாண் பிணைக்கப்பட்ட பதினைந்து பேரையும் ஒப்பிட்டு, பிந்தியவர்களே மிகுதியாகத் திருப்தியடைந்ததாகக் காட்டினார். சிறிய தொகையாதலால் அதையும் வேதவாக்காகக் கொள்வதற்கில்லை. பின்னர் 2017-இல் நார்வே நாட்டார், இரண்டாம் வகைக் கிழிவுடைய 118 பேரை மூன்றாகப் பகுத்து, ஒரு பகுதியினருக்குத் தையலும், ஒரு பகுதியினருக்குப் பிணைப்பும், எஞ்சியோருக்குப் பாவனைச் சிகிச்சையும் செய்து, இரண்டாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். மெய்யான சிகிச்சை பெற்றோர் பாவனைச் சிகிச்சை பெற்றோரைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை எதையும் அடையவில்லை. அந்த முடிவு எல்லா வயதினருக்கும், எல்லா விளையாட்டு வீரருக்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கேள்வியையே சாக்காகக் கொண்டு, எப்போதும்போல் தைத்துக்கொண்டிருப்பது சாஸ்திரத்துக்கு அடுத்த காரியமன்று.

காட்மன் தம் ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்து விசாரித்து, பலித்ததையும் பலிக்காததையும் பகிரங்கமாக எழுதிவைக்க வேண்டுமென்று வாதாடி, அதன் பொருட்டுச் சக வைத்தியர்களின் வெறுப்பையும் சம்பாதித்தவர். ஆகையால் இங்கே கட்டுரை வாசிப்போரிடம் ஒரு நிபந்தனை விதிக்கிறேன்: எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்தீர்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை காலம் தொடர்ந்தீர்கள், யாருக்குப் பலிக்கவில்லை என்பவற்றை முதலில் கூறுங்கள், அழகிய திரைப்படங்களை அதற்குப் பின்னர் காட்டலாம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.