நம்பும்படி பேசுதலும் நம்பத்தக்கவாறு பேசுதலும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு திண்ணையில் மாலை வகுப்பாகத் தொடங்கிய நமது கல்விச் சங்கம், இன்று வெள்ளி விழாக் காண்கின்றது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று வட்டாரங்களிலும் இச்சங்கத்தின் துணையால் படித்து முன்னேறியோர் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றீர்கள். "ஆங்கிலக் கல்வியும் நம் மாணவரும்" என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். தலைப்போ பெரிது, நேரமோ சிறிது. ஆகவே ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்வழி என் கருத்தைச் சொல்ல விரும்புகின்றேன்.

அச்சொல் "பிளாசிப்ளி" என்பது. பிளாசிபிள் என்னும் பெயரடையிலிருந்து பிறந்த வினையடை. ஒருவர் பேசினார் என்பது வினை. எவ்வாறு பேசினார்? கேட்பவர் நம்பும்படியாகப் பேசினார் என்று சொல்ல வேண்டுமாயின், "ஹி ஸ்போக் பிளாசிப்ளி" என்று எழுதலாம். இதே சொல்லைக் "குட்" என்னும் துணைவினையோடு சேர்த்து எழுதினால் பொருள் சற்றே மாறும். அப்போது ஒரு செயல் நடந்திருக்கக்கூடும் என்பது மட்டுமே பெறப்படும். நடந்தது என்பது பெறப்படாது. இந்த நுட்பத்தை நம் மாணவர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும்.

இதற்கு உடன்பிறந்தது போலத் தோன்றும் இன்னொரு சொல்லும் உண்டு. அது "கிரெடிப்ளி" என்பது. பள்ளிப் பிள்ளைகள் பலர் இரண்டும் ஒன்றே என எண்ணுகின்றனர். ஆனால் இரண்டும் வேறு வேறு வேர்களினின்று வந்தவை. பிளாசிபிள் என்பதன் வேர், கைதட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். பாராட்டுதலைக் குறிக்கும் "அப்ளாஸ்" என்பதும் அவ்வேரிலிருந்தே வந்தது. தொடக்கத்தில் "கைதட்டத் தகுந்த" என்றே பொருள் கொண்டிருந்த அச்சொல், பின்னர் "ஏற்கத்தக்கதாகத் தோன்றுகின்ற" என்றாகி, சில இடங்களில் "மேற்பூச்சாக நம்பவைக்கின்ற" என்னும் குறையையும் ஏற்றுக்கொண்டது. கிரெடிபிள் என்பதன் வேரோ நம்புதல் என்னும் பொருளுடையது. வங்கியில் நாம் கேட்கும் "கிரெடிட்" என்பதும் அதன் வழிவந்ததே. யாரை நம்பலாமோ அவருக்கே கடன் என்பது அதன் உட்பொருள்.

நம் தமிழிலும் இவ்வேறுபாட்டைக் காட்ட வழியுண்டு. "நம்பும்படி" என்று சொல்லும்போது கேட்பவர் மனத்தில் நிகழ்வது மட்டுமே சுட்டப்படுகின்றது. "நம்பத்தக்கவாறு" என்று சொல்லும்போது தகுதி என்பதும் உடன் வந்து சேர்கின்றது. பொய்யையும் நம்பும்படி சொல்லலாம். நம்பத்தக்கவாறு சொல்வதற்கோ சொல்லப்படும் பொருளில் ஆதாரம் இருத்தல் வேண்டும்.

இவ்விலக்கணத்தை எனக்குக் கற்பித்தது நூல் அன்று. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். 2003ஆம் ஆண்டு, அம்பத்தூரை அடுத்த ஒரு பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியனாகப் பணியாற்றிய காலம். பத்து வினையடைகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்குமாறு பணித்தேன். ஏனைய மாணவர்கள் வழிகாட்டி நூலிலிருந்த வாக்கியங்களை எழுதிவந்தனர். இம்மாணவன் மட்டும் மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தான். "தி சூபர்வைசர் ஸ்போக் பிளாசிப்ளி. மை ஃபாதர் ஸ்போக் ட்ரூலி. தி ஓனர் பிலீவ்ட் தி சூபர்வைசர்." மேற்பார்வையாளர் நம்பும்படி பேசினார், என் தந்தை உண்மையாகப் பேசினார், முதலாளி மேற்பார்வையாளரை நம்பினார் என்பது அவற்றின் பொருள்.

இலக்கணத்தில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாக்கியம் கேட்டால் மூன்று எழுதுவதா என்று சிவப்பு மையால் கோடிட்டு, "கதை வேண்டாம்" என்று ஓரத்தில் எழுதினேன். நானும் சேரியில் பிறந்து, தெருவிளக்கில் படித்து வந்தவன்தான். இருந்தும் அன்று அவ்வாறு எழுதினேன். அதை உங்கள் முன் ஒளிக்காமல் சொல்வது என் கடமை.

மறுநாள் அம்மாணவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டிற்கே சென்றேன். அவனுடைய தந்தையார் ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி. பித்தளைத் துண்டுகளைத் திருடினார் என்று பழி சுமத்தி, ஒரு மாதக் கூலியையும் நிறுத்திவைத்து, அவரை வெளியேற்றிவிட்டார்கள். மேற்பார்வையாளர், ஆங்கிலமும் தமிழும் கலந்து, நாள், நேரம், எடை எல்லாம் சொல்லித் தெளிவாகப் பேசினாராம். இவரோ "சாமி சத்தியமா நான் எடுக்கலைங்க" என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதிருக்கின்றார்.

"ஐயா, அவர்கள் சொன்ன அந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டேன். மாமியாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதாகச் சொன்னார். தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தால், தேதி முத்திரையிட்ட புறநோயாளிச் சீட்டு உள்ளே இருக்கின்றது! "இதை ஏன் காட்டவில்லை?" என்றேன். "கேட்கலைங்களே" என்றார்.

அன்றிரவு அம்மாணவனும் நானும் அமர்ந்து ஒரு மனு எழுதினோம். சத்தியம் எதுவும் அதில் இல்லை. நாள், இடம், உடனிருந்தோர், சீட்டின் எண் ஆகியவை மட்டுமே இருந்தன. நிறுத்திவைத்த கூலி இரண்டு வாரத்தில் வந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு சொல்லும் வரவில்லை. சிவப்பு மையில் நான் எழுதியதை அடித்துவிட்டு, "சரி" என்று எழுதினேன். என்னால் இயன்றது அவ்வளவே.

அன்பர்களே! இஃது ஒரு தந்தைக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் மக்களின் வரலாற்றில், துன்பம் ஒருபுறம் இருக்க, அத்துன்பத்தைச் சொன்னால் நம்பப்படாமை என்பது இரண்டாவது துன்பமாகவே இருந்துவந்துள்ளது.

நாம் கூடியிருக்கும் இப்பகுதி முற்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் என்னும் ஆங்கிலேயர், 1891ஆம் ஆண்டில் பறையர் மக்களின் நிலை குறித்து விரிவான குறிப்பொன்றை அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட அம்மக்களுக்கு உரிமையில்லை என்பதையும், கடன் அவர்களை அடிமைகளாகக் கட்டிவைத்திருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். வருவாய் வாரியத்தார் அவர் கூற்றுகளை எளிதில் ஏற்கவில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010, 1010-ஏ எண்ணுள்ள அரசாணைகள் பிறந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று வழங்கும் நில ஒப்படைப்புக்கு அடிப்படை அவையே. ஆட்சியர் எழுதியதையே ஐயுற்ற காலத்தில், எழுத்தறியாத கூலியாளின் வாய்ச்சொல் எத்துணை மதிப்புப் பெற்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டாகிய 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் நம் மக்களுக்கென இதழ் தொடங்கியதன் அருமை, இதனோடு வைத்து நோக்கினால் நன்கு விளங்கும்.

இன்னொன்றையும் கனத்த நெஞ்சோடு சொல்கின்றேன். 1968 டிசம்பர் 25ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குச் சிறைத்தண்டனை அளித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெருநிலம் படைத்த செல்வர்கள் வேலையாட்களை ஏவாமல் தாமே நடந்துசென்று தீயிட்டார்கள் என்பது நம்புதற்கு அரிது என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. கண்டவர் சொன்னதைக் காட்டிலும், செல்வர் இவ்வாறு செய்யார் என்னும் எண்ணம் அங்கே எடை மிகுந்து நின்றது. பிளாசிபிள் என்னும் சொல்லுக்கும் கிரெடிபிள் என்னும் சொல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் எத்துணை ஆழமானது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

சட்டமும் இச்சொற்களின்மேல் நிற்கின்றது. ஒருவரைப் பிடியாணையின்றிக் கைது செய்வதற்குரிய காரணங்களுள் ஒன்று "கிரெடிபிள் இன்ஃபர்மேஷன்", அஃதாவது நம்பத்தகுந்த தகவல். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இத்தொடர் இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கின்றது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் புகாரைப் பதிவு செய்யுமுன் முதற்கட்ட விசாரணை வேண்டும் என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியபோது, நாடெங்கும் நம் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்து அந்நிபந்தனையை நீக்கியது. நம் புகாரைக் காதில் வாங்குவதற்கு முன்பே ஐயுறுவதா, வாங்கிய பின் ஆராய்வதா என்பதே அன்று எழுந்த கேள்வி.

ஆகவே மாணவச் செல்வங்களே, மூன்று செய்திகளை உங்களுக்குச் சொல்லி அமைகின்றேன்.

முதலாவது, நம்பத்தக்கவாறு எழுதப் பழகுங்கள். நாள், இடம், செய்தவர், கண்டவர், கையிலுள்ள சீட்டு ஆகிய ஐந்தும் மனுவில் இருக்கட்டும். நான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதைப் பிரித்து எழுதுங்கள். நீதிமன்றத்தில் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரத்திற்கும் அதுவே நெறி. வீட்டிலுள்ள ஒவ்வொரு சீட்டையும் பெட்டியில் பாதுகாத்து வையுங்கள்.

இரண்டாவது, நம்பும்படி பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாட்டு வேலை வாங்கித் தருகின்றேன், பட்டா வாங்கித் தருகின்றேன், கல்லூரியில் இடம் வாங்கித் தருகின்றேன் என்று நம் தெருக்களுக்கு வருவோர் மிக அழகாகப் பேசுகின்றனர். ஆங்கிலம் சரளமாக வந்துவிட்டால் போதும், நாம் மயங்கிவிடுகின்றோம். சரளம் வேறு, சான்று வேறு. யார் வாயிலிருந்து வந்தாலும் அதன் மெய்ம்மையை ஆராய்தலே அறிவு என்பது வள்ளுவர் நமக்கு வகுத்த நெறியன்றோ?

மூன்றாவது, இதுவே தலையாயது. எத்துணைத் திருத்தமாக எழுதினாலும், கேட்பவர் மனம் முன்னரே மூடியிருந்தால் பயனில்லை என்பதைக் கீழ்வெண்மணி காட்டிவிட்டது. குறை சொல்பவன் மீது மட்டும் சுமையை ஏற்றுதல் முறையன்று. ஆதலின் நம் பிள்ளைகள் கேட்கும் நாற்காலிகளிலும் அமர வேண்டும். வட்டாட்சியராக, காவல் ஆய்வாளராக, நீதிபதியாக, பத்திரிகையாசிரியராக, தலைமையாசிரியராக அமர வேண்டும். அமர்ந்தபின், அன்று நான் செய்ததைப் போலச் சிவப்பு மைக்கு விரைந்துவிடக் கூடாது. எதிரே நிற்பவர் திக்கித் திணறிப் பேசினால், "அன்று எங்கே இருந்தீர்கள்? கையில் என்ன சீட்டு இருக்கின்றது?" என்று கேட்கும் பொறுமை வேண்டும். கேட்கலைங்களே என்று இன்னொருவர் சொல்லும் நிலை நம்மால் வரக்கூடாது.

இவ்விழாவின் நினைவாக நமது சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். வாரத்தில் ஒரு மாலை, மனு எழுதும் வகுப்பு நடத்துங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மாணவர்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் வந்து அமரட்டும். சனிக்கிழமைகளில் அவ்வகுப்பை எடுக்க நான் ஆயத்தமாக இருக்கின்றேன். ஓய்வு பெற்ற பின்னும் எடுப்பேன்.