வேண்டாம் என்று சொல்ல முடியாத கூட்டத்துக்குப் பந்தல் எதற்கு?



தை பிறந்தால் அழகர் பெருமாளுக்கு வாழைப்பழம் சூறைவிடும் சேவுகம்பட்டியில் நின்று அணுக்கழிவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "கூடங்குளம் எங்கே கிடக்கு, சேவுகம்பட்டி எங்கே கிடக்கு?" என்று டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம ஊரை யாரோ குறிவைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. புரளி கிளப்ப நான் வரவில்லை. நிரந்தரக் கிடங்குக்கு இந்தியாவில் இன்னும் எந்த ஊரும் முடிவாகவில்லை. அதனால்தான் இப்போது பேசுகிறேன். முடிவான பிறகு வாய் திறந்தால் தேசத்துரோகி என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

1988-ல் கூடங்குளம் அணு உலைக்காக ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்துப் போட்டபோது என்ன ஏற்பாடு? எரிந்து தீர்ந்த எரிபொருளை சோவியத் நாடே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது. 1998-ல் அதை மாற்றினார்கள். கழிவு நம் தலையில் விழுந்தது. உலைக்குப் பக்கத்து இடிந்தகரை மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? 2013-ல் உலையை ஓட்ட அனுமதித்த உச்ச நீதிமன்றம், அந்த எரிபொருளை வைக்க உலைக்கு வெளியே ஐந்தாண்டுக்குள் கிடங்கு வேண்டும் என்றது. ஐந்தாண்டு ஓடியது. "எங்களுக்கு இதில் முன் அனுபவம் இல்லை" என்று போய் நின்று, 2022 வரை தவணை வாங்கினார்கள். உலையை ஓட்டும்போது வராத சந்தேகம் கழிவை வைக்கும்போது வருகிறது, பார்த்தீர்களா!

பிறகு 2019 ஜூலை 10, ராதாபுரத்தில் அந்தக் கிடங்குக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் தேதி சொல்லாமல் தள்ளிவைத்தார்கள். சரி, அந்தக் கூட்டம் நடந்தேயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? இப்படிப்பட்ட கூட்டங்களுக்கான 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்குவார். அறிக்கையின் சுருக்கம்தான் தமிழில் கிடைக்கும். முழு அறிக்கை இங்கிலீஷில் இருக்கும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கே கிடையாது. பேசியதை எழுதிக்கொண்டு போவார்கள். ஓட்டெடுப்பு இல்லை. ஊரே எழுந்து நின்று வேண்டாம் என்றாலும், அது காகிதத்தில் ஒரு வரி. பத்திரம் பதிந்து முடித்துவிட்டு, "நிலத்தை விற்கச் சம்மதமா?" என்று வாசலில் வந்து நிற்பதற்குப் பெயர் கேட்பதா?

கோலார் தங்கவயல் தெரியுமல்லவா? நம் தமிழ்ச் சனம் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்த ஊர். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். 2012 நவம்பரில், அணுக்கழிவுக்கு அந்தச் சுரங்கம் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த மக்களுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? பேப்பரைப் பார்த்து! தெருவில் இறங்கினார்கள். உடனே, "அப்படி ஒரு திட்டமே இல்லை, முன்பு பாறையில் சோதனை செய்ததோடு சரி" என்று விளக்கம் வந்தது.

பக்கத்துத் தேனிக்கு வாருங்கள். பொட்டிபுரத்தில் கட்ட நினைத்த நியூட்ரினோ ஆய்வகம் அணுக்கழிவுக் கிடங்கு அல்ல. விஞ்ஞானிகள் சொன்னது உண்மை. என் பக்கத்து ஆட்கள் சிலருக்கு நான் இப்படிச் சொல்வது பிடிக்காது. ஆனால் மலையைக் குடைந்தால் கழிவைக் கொட்டத்தான் என்று சனம் ஏன் நம்பியது? கேட்காமல் செய்தே பழகியவன் உண்மை பேசினாலும் எடுபடாது. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தை வைத்து ஆய்வறிக்கை தயாரித்தார்கள் என்று 2017-ல் பசுமைத் தீர்ப்பாயமே அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் சிறப்பு நேர்வு என்று சொல்லி மறுபடி கொடுத்தார்கள்.

எதிர்த்தால் நாடு எப்படி முன்னேறும் என்கிறார்கள். சுவீடனைப் பாருங்கள். அணுக்கழிவுக் கிடங்கு வேண்டாம் என்று ஸ்டோருமான் மக்கள் 1995-ல் ஓட்டுப் போட்டார்கள். இடம் தேடி வந்த கம்பெனி மூட்டை கட்டியது. 1997-ல் மாலோ வேண்டாம் என்றது, அங்கிருந்தும் கிளம்பியது. அங்கே உள்ளாட்சிக்கு மறுக்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு. கடைசியில் இடம் கிடைக்காமலா போயிற்று? 2020-ல் ஓஸ்தாம்மர் நகராட்சி சம்மதம் தந்தது. பின்லாந்தில் யூராயோக்கி மன்றம் 2000-ம் ஆண்டு 20-க்கு 7 என்று ஓட்டுப் போட்டு ஏற்றது. மறுக்கும் உரிமை கொடுத்த நாட்டுக்குத்தான் சம்மதமும் கிடைத்தது. நம் நாட்டிலோ, 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்த ஒப்புக்குக் கேட்பதும் தேவையில்லை என்று எடுத்தேவிட்டார்கள்!

நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறவர்கள் மேற்கே திரும்பி அந்த மலையைப் பாருங்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிச் சில்லுகளை 2001-ல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கண்டுபிடித்தது அதிகாரியா? இல்லை, ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும். புளூட்டோனியமோ பாதியாகக் குறையவே 24,000 வருசம் ஆகும். அத்தனை காலம் காவல் காக்கப்போவது எந்தத் துறை?

நம்மது பேரூராட்சி, கிராம சபைகூடக் கிடையாது. ஆகவே கவுன்சிலர்களைக் கேட்கிறேன். முழு அறிக்கை தமிழில் வேண்டும், இடத்தைத் தேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும், உள்ளாட்சி மறுத்தால் அது சட்டப்படி செல்ல வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் வார்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். யார் வார்டில் எத்தனை பேர் என்று கவுன்சிலருக்குத் தெரியட்டும்.