எல்லைக் கல் சொல்லும் பாடம்

(திருத்தணியில் நடந்த அரசியல் வகுப்பில் பேசியது)



சர்வதேச உறவு என்றதும், அது டில்லிக்காரர்களுக்கும் தூதர்களுக்கும் உரிய சமாசாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கத் தேவையில்லை. அந்தப் பாடத்தின் அரிச்சுவடி நம் ஊர் எல்லையிலேயே இருக்கிறது.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தில் ஜனங்கள் சிறை சென்றார்கள். பின்னர் படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1959-ல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின.

இரண்டு ராஜ்யங்களும் ஒன்றன் மேல் ஒன்று பட்டாளத்தை ஏவவில்லை. ஏன்? இரண்டுக்கும் மேலே ஒரு பார்லிமெண்ட் இருந்தது. எல்லையை மாற்றும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 3-வது ஷரத்து அதற்குத் தந்திருக்கிறது.

தேசங்களுக்கு மேலே அப்படியொரு பார்லிமெண்ட் கிடையாது. ஒவ்வொரு தேசமும் தன் வீட்டுக்குத் தானே எஜமான். இதற்குப் பெயர்தான் இறையாண்மை. ஐ.நா. சபை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பாதுகாப்புக் கவுன்சிலில் ஐந்து வல்லரசுகளில் ஒன்று 'வீட்டோ' செய்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். மேலே கேட்பாரில்லாத இந்த நிலைமையை எப்படிப் புரிந்துகொள்வது? மூன்று விதமான பதில்கள் உண்டு.

யதார்த்தவாதிகள் சொல்வது: பலமே பாதுகாப்பு. ஆனால் ஒருவன் ஆயுதம் சேர்த்தால் பக்கத்து வீட்டுக்காரனும் பயந்து சேர்ப்பான். அந்தப் போட்டியில் உண்டாகும் பலச் சமநிலையைத்தான் அவர்கள் சமாதானம் என்கிறார்கள்.

தாராளவாதிகள் சொல்வது: வியாபாரமும் உடன்படிக்கையும் பொது ஸ்தாபனங்களும் பெருகினால் யுத்தம் குறையும்.

மார்க்ஸியவாதிகள் கேட்பது: 'தேச நலன்' என்கிறீர்களே, அது தேசத்தில் யாருடைய நலன்? லெனின் 1916-ல் ஏகாதிபத்தியத்தைப் பற்றி எழுதியபோது, யுத்தத்தின் வேரை மூலதனமும் சந்தையும் தேடும் போட்டியில் காட்டினார்.

எந்தத் தத்துவத்தையும் அனுபவம் என்ற உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். 1954 ஏப்ரல் 29-ல் இந்தியாவும் சீனாவும் பஞ்சசீலத்தை ஏற்றன. ஆக்கிரமிப்பதில்லை, உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை, சமாதான சகவாழ்வு என்று ஐந்து கொள்கைகள். 1962 அக்டோபரில் யுத்தம் மூண்டது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் அப்போது ஜனாதிபதி. காகிதம் பட்டாளத்தைத் தடுக்காது என்று யதார்த்தவாதி சொல்வார். ஆனால் அந்த ஒப்பந்தம் திபெத்து வியாபாரத்தைப் பேசியதே தவிர, எல்லை எது என்று தீர்க்கவில்லை. தீர்க்காத வழக்கு கத்தியாக முளைத்தது. மூன்றாவது தத்துவமும் சோதனைக்குத் தப்பவில்லை: 1969-ல் உசூரி நதிக்கரையில் சோவியத்தும் சீனாவும் சுட்டுக்கொண்டன.

ஆயினும் 'யாருடைய நலன்?' என்ற கேள்வி மட்டும் பழசாவதில்லை. இலங்கை மலையகத்தைப் பாருங்கள். தேயிலை பறித்து அந்த நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்த நம் ஜனங்கள், 1948-ன் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிரிமாவோவும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தையும் 1974-ல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, இரு சர்க்கார்களின் உறவும் சுமுகமாயிற்று. ஆனால் அந்தத் தொழிலாளியைக் கூப்பிட்டு, 'உனக்கு எது ஊர்?' என்று கேட்டது யார்? எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜா உரிமை தரும் சட்டம் இலங்கையில் 2003-ல்தான் வந்தது.

திருத்தணி ஜனங்கள் கூட்டம் போட்டார்கள், மறியல் செய்தார்கள். தங்களைக் கேட்காமல் கோடு போட முடியாதபடி செய்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கோ அங்கே ஓட்டுமில்லை, இங்கே குரலுமில்லை.

ஆகவே தோழர்களே, நாளைக்குப் பத்திரிகையில் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் படம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருடைய பலம் இதைச் செய்வித்தது? எந்த விதி இதைக் காப்பாற்றும்? இதனால் ஊர் மாறப்போகிறவனைக் கேட்டார்களா? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தவனுக்குச் சர்வதேச அரசியல் அந்நிய விவகாரமல்ல.