கதையில் தமக்கும் ஓரிடம்



தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. விளங்காத தாள் எது வந்தாலும், அண்டையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் குடியிருந்தால், அதை அவரிடம் எடுத்துச் செல்வார்கள். இந்தி நோட்டீசு, பத்திரப் பதிவு, பள்ளிச் சுற்றறிக்கை என்று இவ்வாறு நம் மேசைக்கு வந்தவை ஏராளம். சென்ற பனிக்காலத்தில் இராமகிருஷ்ணபுரத்து நண்பர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து வைத்தார். அவர் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். நம்மைவிடப் பெரிய பதவியில் இருப்பவர்.

"சார், பெண்ணின் பையில் இருந்தது. முதல் சில பக்கம் படித்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அவள் படிக்கக்கூடிய புத்தகந்தானா என்று நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

பெண் பதினோராம் வகுப்பில் படிப்பவள். பெயரும் அலுவலகமும் கூறாமல் இதனைச் சொல்ல அவர் இசைவு தந்திருக்கிறார்.

நூலின் பெயர் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்'. ஹிமாஞ்சலி சங்கர் எழுதி, 2014இல் டக்பில் பதிப்பகம் வெளியிட்டது. முஸ்கான் என்னும் பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள் என்ற செய்தியோடு கதை தொடங்குகிறது. தன்னைப்போன்ற பெண்ணிடமே தன் மனம் செல்கிறது என்பதை அவள் அறிந்திருக்கிறாள். உடன் படிப்போரும் அறிந்துவிடுகின்றனர். அவளுடைய கதையை அவள் சொல்லவில்லை. மூன்று தோழர்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள். நண்பரின் கை ஏன் நின்றது என்பது முதல் அத்தியாயத்திலேயே நமக்கு விளங்கிவிட்டது. தம் மகள் எதைத் தேடி இந்நூலை எடுத்தாள் என்பதைவிட, தேடியவளுக்கு இது எத்தகைய விடையைத் தரும் என்பதே அவருடைய அச்சம்.

இந்நூல் வெளிவந்த ஆண்டை நோக்க வேண்டும். 2009 ஜூலை 2ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம், ஒருபாலார் இருவர் மனமொத்து வாழ்வதைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11ஆம் நாள் திலக் மார்க்கில் உள்ள உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் அதே நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் மீண்டும் குற்றத்தளையை அகற்றியது. இடையிலிருந்த அந்த ஐந்தாண்டுகளில்தான், இந்திய நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி இத்தகைய நாவல்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கின. சட்டம் ஒருவரைக் குற்றவாளி என்று வைத்திருக்கும்போது, நாவலாசிரியர் அவரைச் சிரிக்கவைத்துக் கதையை முடிப்பது எளிதன்று.

ஆயினும் அதே 2014இல் பாயல் தர் எழுதிய 'ஸ்லைட்லி பர்ண்ட்' வேறு பாதையில் சென்றது. கோமல் என்ற பெண்ணிடம் அவளுடைய உற்ற தோழன் சாஹில், தன் நாட்டம் பெண்கள்பால் அன்று என்று சொல்லிவிடுகிறான். அதைக் கேட்ட கோமல் என்ன தவறெல்லாம் செய்கிறாள், எப்படித் திருந்துகிறாள் என்பதே கதை. நகைச்சுவை நிறைந்த நடை. இதிலும் ஒரு குறையை நாம் கண்டோம். இங்கேயும் கதை சொல்பவள் தோழியே. உண்மைக்கு உரியவன் சற்று விலகியே நிற்கிறான். நம் இளையோர் நாவல்கள் முதலில் அக்கம்பக்கத்தாரின் கண் வழியாகவே இம்மாந்தரைப் பார்த்தன போலும்.

மேல்நாட்டிலும் தொடக்கம் இனிதாக இல்லை. 1969இல் ஜான் டோனவன் எழுதிய அமெரிக்க நாவலில் இரு சிறுவர்களிடையே அன்பு அரும்பியதும், ஒருவனுடைய நாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிடுகிறது. தான் செய்த பாவத்தின் பயன் என்றே அச்சிறுவன் கருதுகிறான். ஆசிரியர் அவனைத் தண்டிக்க விரும்பினாரா என்று நாம் அறியோம். ஆனால் படித்த பிள்ளைகளுக்கு நாயின் முடிவு மறந்திராது. 1982இல் நான்சி கார்டன் எழுதிய 'ஆனி ஆன் மை மைண்ட்' நூலில்தான் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசித்து, இடர்ப்பட்டு, பிரிந்து, பின்னும் ஒருவரையொருவர் இழக்காமல் கதை முடிகிறது. அத்தகைய மகிழ்ச்சியை எல்லோரும் பொறுத்துக்கொள்ளவில்லை. 1993இல் கான்சாஸ் நகரில் அந்நூலை எரித்தார்கள். பள்ளி நூலகத்திலிருந்து அகற்றப்பட்ட அதனை, 1995இல் நீதிமன்றம் திரும்ப வைக்கச் செய்தது. துயரத்தில் முடியும் கதை ஊருக்கு இரக்கத்தைத் தருகிறது, இன்பத்தில் முடியும் கதை ஊரின் அமைதியைக் குலைக்கிறது என்று இதிலிருந்து நமக்குத் தோன்றுகிறது.

ஒரு வாரம் கழித்து நூலைத் திருப்பிக் கொடுத்தோம். "பெண் படிக்கலாம். நீங்களும் படிக்கலாம். ஆனால் இதோடு நிறுத்திவிட வேண்டா" என்றோம். அவர் மெட்ரோ வண்டியில் போகவர நான்கு நாளில் படித்து முடித்து, மகளின் பையில் முன்பிருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நம்மிடம் மட்டும் கேட்டார்: "சார், இதே மாதிரிப் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிற கதை ஒன்றும் கிடையாதா?"

இக்கேள்விக்கு விடை தேடி நம் சொந்த மொழிக்குள் முதலில் நுழைந்தோம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று காமன் ஆடிய பேடு. ஆகவே தமிழ் மேடையில் இவ்வுருவம் புதியதன்று. ஆனால் அங்கே இன்பம் காண்பவரையே சேர்ந்தது. நம் காலத்து நாவல் என்று பார்த்தால், 1994இல் நூலாக வந்த சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' உண்டு. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய அவர், சுயம்பு என்னும் மாணவர் மேகலையாக மாறும் வாழ்வை, கேலிக்கு இடம் வையாமல் எழுதினார். பின்னர் திருநங்கையர் தாமே எழுதினர். ரேவதியின் 'உணர்வும் உருவமும்', 2007இல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' ஆகியவை தமிழுக்குப் பெருமை சேர்த்தவை. வித்யாவின் வரலாறு கன்னடத்தில் 2015இல் திரைப்படமாகவும் வந்தது. இவை யாவும் பட்ட பாட்டைச் சொல்பவை. பட்டவர் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் ஊர் நம்பாது. எனினும் பதினாறு வயதுப் பிள்ளை கையிலெடுத்தால், தன் முன்னால் உள்ள பாதை முழுதும் முள்ளே என்று எண்ணக்கூடும்.

வியப்பு என்னவெனில், 'வாடாமல்லி' வந்த அதே 1994இல் கடல் கடந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையும் வெளிவந்தது. ஷியாம் செல்வதுரை கொழும்பில் 1965இல் பிறந்தவர். தந்தை தமிழர், தாய் சிங்களர். 1983 கலவரத்தின்பின் கனடாவில் குடியேறினார். அவருடைய 'ஃபன்னி பாய்' நூலின் தொடக்கத்தில், ஆர்ஜி என்னும் சிறுவன் பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு ஆடுகிறான். மணப்பெண் அவனே. சேலையும் அலங்காரமும் உடலிற் படுகையில் அவனுக்கு உண்டாகும் பரவசத்தை ஆசிரியர் அவசரமின்றி, வெட்கமின்றி எழுதுகிறார். பெரியவர்கள் கண்டு தடுப்பது பிறகுதான். தண்டனைக்கு முன்னால் இன்பத்தை வைத்தார் என்பதே அந்நூலின் சிறப்பு. வெளியூரில் வாழும் நமக்கு மற்றொன்றும் உறைக்கும். தமிழன் என்பதால் ஊரில் இடமில்லை, இயல்பினால் வீட்டில் இடமில்லை என்ற இரட்டை அந்நியம் அச்சிறுவனுடையது. 2020இல் தீபா மேத்தா அதைப் படமாக்கியபோது, நடிகர்கள் பேசிய தமிழ் ஈழத் தமிழாக இல்லை என்று பலர் வருந்தினர். உருவம் இருந்தாற் போதாது, பேச்சும் தமதாக இருக்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பதில் பிழையில்லை.

செல்வதுரை 2005இல் இளையோருக்கென்றே மற்றொரு நாவல் எழுதினார்: 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ'. இளையோர் நூலுக்குரிய லாம்ப்டா பரிசையும் பெற்றது. 1980ஆம் ஆண்டுக் கொழும்பு. பதினான்கு வயது அம்ரித். கனடாவிலிருந்து வரும் அவனுடைய உறவினன் நிரேஷ். பள்ளியில் ஒத்தெல்லோ நாடக ஒத்திகை. நேசமும் பொறாமையும் ஒன்றாய்க் கிளம்பி அம்ரித்தை அலைக்கழிக்கின்றன. ஆனால் யாரும் சாகவில்லை. தன் இயல்பைத் தன்னளவில் ஒப்புக்கொண்டு அவன் நிமிர்கிறான். இந்நூலையே நண்பருக்கு எடுத்துக் கொடுத்தோம்.

இன்பம் ஏன் வேண்டும் என்று கேட்போர் உண்டு. துயரத்தைக் காட்டினால்தானே சமூகம் திருந்தும் என்பர். அது சமூகத்துக்கு எழுதும் விண்ணப்பம். விண்ணப்பங்களை மொழிபெயர்த்தே நாம் வயிறு வளர்ப்பதால் அவற்றை இகழமாட்டோம். ஆனால் பிள்ளை கதையை விண்ணப்பமாகப் படிப்பதில்லை. நாளை நான் எப்படி இருப்பேன் என்று பார்ப்பதற்குப் படிக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு ஆயிரம் கதைகளில் கிடைக்கும் அற்பமான சுகங்கள், அதாவது ஒரு மழைநாள், ஒரு சண்டை, ஒரு சமாதானம், திருட்டுத்தனமாய்த் தின்ற ஐஸ்கிரீம் ஆகியவை, இப்பிள்ளைக்கு ஒரு கதையிலாவது கிடைக்க வேண்டாமா? பள்ளியில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2021இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அது இணையத்தளத்திலிருந்து மறைந்தது.

இனி நம் தொழிலைச் சார்ந்த ஒரு சங்கதி. போபாலைச் சேர்ந்த கனக் சசியின் குட்லி என்னும் சிறுமியின் கதையை, சென்னைத் துளிகா பதிப்பகம் 2019இல் ஆங்கிலப் படநூலாக வெளியிட்டது. ஊரார் குட்லியை ஆண்பிள்ளை என்கின்றனர். அவளோ தன்னைப் பெண் என்றே அறிவாள். இறுதியில் தாய் அவளுக்கு ஒரு கவுன் தருகிறாள். அவ்வளவே கதை. இந்தியில் இத்தகைய குழந்தை வாய்திறந்தவுடனே அகப்பட்டுக்கொள்ளும். நான் போகிறேன் என்பதற்கு ஆணானால் ஜாதா ஹூம், பெண்ணானால் ஜாதீ ஹூம். தமிழிலோ 'போகிறேன்' என்ற சொல் எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. நம் மொழியில் 'நான்' என்று பேசும்வரை பிள்ளை சுதந்தரமாக இருக்கலாம். பிறர் அதைப்பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் 'அவன்', 'அவள்' என்ற வேலி வருகிறது. 'அவர்' என்று தப்பலாமே என்றால், ஆறு வயதுக் குழந்தையை 'அவர் பாவாடை கட்டினார்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். தொல்காப்பியரே கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே அது ஏற்கும் என்று கூறிப்போனார். ஆக, ஈறு மொழியில் இல்லை. சொல்பவனின் மனத்தில் இருக்க வேண்டும். குட்லியை முதல் வரியிலிருந்தே 'அவள்' என்று எழுதுவதே முறை.

சொற்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்பதும் உண்மை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணையையொட்டி, தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொற்றொகையை அரசிதழில் வெளியிட்டது. திருநர், பால்புதுமையர் முதலிய சொற்கள் அதில் இடம்பெற்றன. மாதவி காலத்திலிருந்து உள்ளோரைப் 'புதுமையர்' என்பதா என்று நம் அலுவலகத்தில் ஒரு விவாதம் நடந்தது. எனினும் ஏச்சுச் சொற்களே வழங்கிய இடத்தில் ஒரு மதிப்பான சொல் கிடைத்ததைக் குறைகூற நமக்கு மனமில்லை.

நண்பர் கொழும்பு நாவலையும் படித்து முடித்தார். பிறகு தயங்கித் தயங்கி வேறொன்று கேட்டார். அவர் மனைவி ஆங்கிலம் படிக்கமாட்டார். தமிழ் வாரப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். "அவளுக்கும் இது தெரிய வேண்டும் சார். ஆனால் நான் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். கதையாகக் கேட்டால் கேட்பாள்."

ஆகவே ஞாயிறு பிற்பகல்களில், அந்த அம்மையார் முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, நாம் அருகில் அமர்ந்து அம்ரித்தின் கதையை ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் வாசித்து வருகிறோம். மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பாள், கதவு ஒருக்களித்திருக்கும். அம்ரித் தாய் தந்தையரை இழந்து பிறர் வீட்டில் வளர்பவன். சென்ற ஞாயிறு அப்பகுதியை வாசித்தபோது அம்மையார் கையை நிறுத்தினார்.

"பாவம், அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பானோ?" என்றார்.

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. அடுத்த அறையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.