நெல்லால் வளர்ந்த சம்மாந்துறை

கிழக்கிலங்கையின் கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவுச் சந்திக்கு வந்து, அம்பாறை வீதியில் மேற்கே திரும்பினால் இருமருங்கும் வயல்வெளி. மாவடிப்பள்ளியைத் தாண்டியதும் சம்மாந்துறை. அயலூர்களான மருதமுனைக்குத் தறி, சாய்ந்தமருதுக்குக் கடல் என்றால் சம்மாந்துறைக்கு நெல்.

இவ்வூரின் பழைய வாழ்வைக் களத்தில்தான் காண வேண்டும். நிலம் போடியாருடையது, அதைச் செய்வித்தவர் முல்லைக்காரர், வட்டை என்னும் வயல் தொகுதிக்கு நீர் பங்கிட்டவர் வட்டவிதானையார். வெட்டிய கதிரைச் 'சூடு' என்னும் போராகக் குவித்து, இரவில் மாடுகளை வளைய விட்டுச் சூடடித்தார்கள். களத்துக்குள் அன்றாடப் பேச்சு கூடாது. குறைவைச் சொல்லும் சொல் வாயில் வந்தால் விளைவும் குறைந்துவிடும் என்று அஞ்சி, களத்துக்கென்றே தனிச்சொற்களை வைத்திருந்தார்கள். நெல்லைப் 'பொலி' என்றே அழைத்தார்கள். வயற்பரணில் காவலிருந்தவர்கள் பாடிய கவிகள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பெரும் இலக்கியச் செல்வம். இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வேலையை முடிக்கிறது; அதனால் கதிர் பொறுக்கி வயிறு வளர்த்த ஏழைப் பெண்களின் பிழைப்பும் போயிற்று. இந்த இழப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஊரின் உறவு தாய்வழிக் குடிமுறையில் அமைந்தது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு மகளுக்குப் போகும். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிகளுக்கு இடமுண்டு. அயலில் வீரமுனையின் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலைச் சுற்றித் தமிழர் வாழ்கின்றனர். வயல் வரம்புகளில் நெடுங்காலம் பழகிய முஸ்லிம், தமிழ்ச் சமூகங்கள் இரண்டும் 1990இல் குருதி சிந்தின. அந்த ஆண்டை விட்டுவிட்டு இவ்வட்டார வரலாற்றைச் சொல்ல முடியாது.

இவ்வயல்களின் நீர்ப்பாசனத்தை மாற்றிய, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. 1958இன் நெற்காணிச் சட்டம் வட்டவிதானையாரின் பழைய நீர்ப் பங்கீட்டு அதிகாரத்தை விவசாயிகளின் குழுக்களிடம் மாற்றியது. 1961இல் இவ்வூர் அடங்கிய அம்பாறை தனி மாவட்டமானது. 2004 டிசம்பர் 26இல் கரையூர்களைச் சுனாமி விழுங்கியபோது, உயிர் தப்பியவர்களுக்குக் கடலிலிருந்து தள்ளியிருந்த இவ்வூர் அடைக்கலம் தந்தது. ஆனால் மாரி வெள்ளம் இவ்வூரையும் விடுவதில்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் செல்ல, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் மாண்டனர்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இன்று இவ்வூரில் இயங்குகிறது. ஆயினும் ஊரின் ஆண்டுக்கணக்கு நீரை வைத்தே ஓடுகிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. மதகு திறக்கும் நாள், விதைப்பை முடிக்கும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் நாள் ஆகியவை அங்கே தீர்மானமாகின்றன.