குச்சியைத் தூக்கிப் போட்டால் யார் பிடிப்பது?

(பொங்கல் விழா மாலையில் நம் குடியிருப்பு அரங்கில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆறு மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். வந்ததும் கலாசாரக் குழுச் செயலாளர், "அங்கே பார்த்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் மாமி" என்றார். நயாகராவை எதிர்பார்த்திருப்பார். நயாகராவை நீங்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பிலேயே பார்த்தாகிவிட்டது. நான் ஒரு குச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

என் பேத்திக்குப் பதினொரு வயது. வாரத்தில் மூன்று நாள் பேட்டன் வகுப்புக்குப் போகிறாள். அவள் முதலில் சொன்னபோது தாத்தாவுக்கு அது 'பாட்டன்' என்று காதில் விழுந்தது. "நான் இங்கேதானே இருக்கிறேன்" என்றார்.

குடியரசு தின அணிவகுப்பில் பேண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் ஒருவர் பெரிய கோலைச் சுழற்றிக்கொண்டு வருவாரே, அந்தக் கோலின் கொள்ளுப்பேத்திதான் பேட்டன். மெல்லிய உலோகத் தண்டு, இரண்டு முனையிலும் ரப்பர். ஒரு முனை உருண்டை பெரிது, மறுமுனை சிறிது. அதனால் எடை சரியாக நடுவில் நிற்காது. குழந்தையின் கை நீளத்தை அளந்து வாங்குகிறார்கள். பள்ளிச் சீருடை மாதிரிதான், வளர வளர மாற்ற வேண்டும்.

விரல்களுக்கிடையில் சுழற்றுவது ஒரு வகை. கையே படாமல் முழங்கை, தோள், கழுத்து என்று உடம்பின் மேல் உருட்டிவிடுவது இன்னொரு வகை. உயரத் தூக்கிப் போட்டு, அது மேலே இருக்கும்போதே தான் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பிடிப்பது மூன்றாவது. இத்தனையையும் நடன அடவுகளோடு, பாட்டின் தாளம் தப்பாமல், ஒரு குழுவாகச் செய்ய வேண்டும். குழு நடனத்துக்கென்றே போட்டியில் தனிப் பிரிவு உண்டு. ஆண்டுதோறும் ஜூலையில் இண்டியானா மாநிலத்து நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் இதற்கொரு பெரிய தேசியப் போட்டி நடக்கிறது. உலகப் போட்டிகள் 1980-இல் சியாட்டிலில் தொடங்கின. ஜப்பான் குழந்தைகள் இதில் பெரிய கெட்டிக்காரர்கள். அவர்கள் வீடியோவைத்தான் பேத்தி சாப்பிடும்போதுகூடப் பார்ப்பாள்.

பயிற்சி நடக்கும் கூடத்தில் பெற்றோருக்கு ஒரு பெஞ்சு. நானும் அதில் போய் உட்கார்ந்துகொள்வேன். எட்டுப் பிள்ளைகள். எனக்குக் கோலாட்டம் தெரியும், அதனால் கண் தானாகவே ஒப்பிட்டுப் பார்த்தது. நம் கோலில் தாளம் காதில் விழுகிறது. தட்டுகிற சத்தமே தாளம். பேட்டன் சத்தம் போடாது. எட்டுக் குச்சியும் ஒரே கோணத்தில் சாய்ந்து ஒரே நொடியில் திரும்பினால்தான் தாளம் கண்ணுக்குத் தெரியும். ஒன்று அரை நொடி பிந்தினாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

மிகக் கடினமானது, குச்சியை மாற்றிக்கொள்வதுதான். இவள் போடுவதை அவள் பிடிக்க வேண்டும், அவள் போடுவதை இவள். அதுவும் இருவரும் இடம் மாறி ஓடிக்கொண்டே. எட்டுக் குச்சிகள் ஒரே நேரத்தில் மேலே இருக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அக்கம்பக்கத்து ஊரில் நடந்த ஒரு போட்டியில் அந்த இடத்தில்தான் பேத்தி கோட்டைவிட்டாள். குச்சி தரையில் விழுந்து உருண்டது. பாட்டு நிற்கவில்லை. ஓடிப்போய் எடுத்தாள், நான்கு எண்ணிக்கை தாண்டி வரிசையில் சேர்ந்துகொண்டாள். விழுந்ததற்கு மதிப்பெண் போயிற்று. பரிசும் இல்லை.

திரும்பும்போது காரில் அழுவாள் என்று நினைத்தேன். அடுத்த வகுப்பில் என்ன திட்டு விழுமோ என்று எனக்குத்தான் கவலை. ஆனால் பயிற்சியாளர் முதலில் கூப்பிட்டது பேத்தியை அல்ல, அவளுக்குப் போட்ட பெண்ணை. "உன் குச்சி எங்கே போய் இறங்க வேண்டும்?" என்று கேட்டார். பிறகு இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்து அரை மணி நேரம் அது ஒன்றையே போடவும் பிடிக்கவும் வைத்தார். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்து தாளம் எண்ணினார்கள். தவறு ஒருத்தி பெயரில் எழுதப்படவில்லை.

அன்று எனக்கு வேறொரு குழந்தையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருடம் முன்பு நம் நவராத்திரிக் கோலாட்டத்தைப் பழக்கியது நான்தான். ஒரு குழந்தைக்குத் தாளம் பிசகிக்கொண்டே இருந்தது. முதலில் பின்வரிசைக்கு மாற்றினேன். கடைசி ஒத்திகையில் கோலை வாங்கிவிட்டு, ஆரத்தித் தட்டைக் கையில் கொடுத்தேன். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினீர்கள், நிகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது. அந்தக் குழந்தை அதற்குப் பிறகு எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. அவளுக்கு எதிரே நின்று தட்டியவள் கோலை எவ்வளவு உயரத்தில் பிடித்தாள் என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. யார் அந்தக் குழந்தை என்று இங்கே சொல்லப் போவதில்லை. நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

பேட்டனை இங்கே தொடங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நம் ஹாலின் கூரை உயரம் போதாது, மின்விசிறிக்கும் ஆபத்து. மொட்டை மாடியில் போட்டால் குச்சி கார் மேல் இறங்கும், செயற்குழு என் மேல் இறங்கும். எனவே நமக்குத் தெரிந்த பின்னல் கோலாட்டம். மேலே கொக்கியிலிருந்து கயிறுகள் தொங்கும். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கோல். பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாகப் போனால் பின்னல் விழும், திரும்பி ஆடினால் அவிழும். ஒருவர் தப்பினால் எல்லோரும் சிக்கிக்கொள்வோம். சிக்கெடுக்கவும் எல்லோரும் வர வேண்டும்.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஹாலில் தொடங்குகிறோம். ஏழு வயதுக்கு மேல் யாரும் வரலாம், அப்பாக்களும் வரலாம். இரட்டைப் படையில் ஆள் சேர வேண்டும், இப்போது பதினோரு பெயர் இருக்கிறது. கொக்கி எடை தாங்குமா என்று பராமரிப்புக்காரர் சனிக்கிழமை பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கோல் இல்லாதவர்கள் சொல்லுங்கள், என்னிடம் ஆறு ஜோடி இருக்கிறது.